பதினொரு தந்தி, ஒரு விரல்: பத்து லூட் வகுப்புகள் போய்வந்த கதை

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நான் தேடினபோது யாருமே சொல்லவில்லை. லூட் என்பது பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியம்; அதைக் கற்க ஒரு வகுப்பு 50 நிமிடம், 38 பவுண்டு. பத்தையும் சேர்த்துக் கட்டினால் 350. டீச்சரிடம் சும்மா கிடந்த பழைய லூட் ஒன்றை மாதம் 25 பவுண்டுக்கு வாடகைக்கு எடுத்தேன். லீட்ஸிலிருந்து ரயிலில் போய்வருகிற செலவு தனி. ரயிலையும் சேர்த்து நாலு மாதத்தில் கையைவிட்டுப் போனது 550 பவுண்டு. எதற்கு? ஆள்காட்டி விரலைத் தந்திகளுக்குக் குறுக்கே ஒழுங்காகப் படுக்கவைக்க. வீட்டுக்காரர் இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு எழுந்துபோய்க் கெட்டிலைப் போட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்தவள். சொல்லிக்கொடுத்தது அண்ணன். பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கையில் எஃப் கார்டோடு மூன்று மாதம் மல்லுக்கட்டினேன். கார்டு என்றால் சில சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கிற பிடி; எஃப்-க்கு ஆள்காட்டி விரலை எல்லாத் தந்திக்கும் குறுக்கே படுக்கவைக்க வேண்டும், அதுதான் பார். ஆள்காட்டி விரலின் ஓரம் சிவந்து தடித்து, பேனா பிடிக்கவே எரியும். பிறகு ஒருநாள் தானாக வந்துவிட்டது. அதோடு பார் கார்டு என்பது என் வாழ்க்கையில் தீர்ந்துபோன விஷயம் என்றுதான் இருபது வருஷமாக நினைத்திருந்தேன். லூட் வாங்கிய அன்று அந்த எஃப் கார்டு மறுபடி வாசலில் வந்து நின்றது.

லூட் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பாதியாக வெட்டிய பேரிக்காய் மாதிரி முதுகு, மேலே மெல்லிய ஸ்ப்ரூஸ் மரப் பலகை, நடுவில் கோலம் போலச் செதுக்கிய ஓட்டை, பின்பக்கமாக முறிந்து தொங்குவது போன்ற தலை. 16, 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அரண்மனையிலும் வீட்டிலும் இதுதான் ராஜா. பெயர் அரபியின் 'அல்-ஊத்' என்பதிலிருந்து வந்தது. ஊத் என்கிற அந்த அரபு வாத்தியத்தில் மெட்டு, அதாவது கழுத்தில் சுரத்துக்கு இடம் காட்டுகிற குறுக்குக் கோடு (ஃப்ரெட்), கிடையாது; லூட்டில் உண்டு. தந்திகள் ஜோடி ஜோடியாக ஓடும், முதல் தந்தி மட்டும் பெரும்பாலும் ஒற்றை. என்னிடம் இருப்பது எட்டு ஜோடி லூட், அதாவது 15 தந்தி. கடைசி இரண்டு ஜோடியும் கீழ் ஸ்தாயி, பெரும்பாலும் திறந்தே ஒலிக்கும். மீதி ஆறு ஜோடிக்கு 11 தந்தி. முழு பார் போட்டால் அந்தப் பதினொன்றையும் ஒரே விரல் அழுத்த வேண்டும்.

வகுப்புக்கு முன்னால் நான் செய்த முட்டாள்தனத்தையும் எழுதாமல் இருக்க முடியாது. கைவினைஞர் செய்கிற நல்ல லூட் ஆயிரக்கணக்கில் பவுண்டு, காத்திருக்கவும் வேண்டும். அதனால் ஆன்லைனில் ஒரு கடையில் மலிவு லூட் ஒன்றை ஆர்டர் போட்டேன், 460 பவுண்டு. கடையின் பெயர் வேண்டாம். பெட்டியைத் திறந்ததும் வார்னிஷ் வாடை மூக்கைத் துளைத்தது. பளபளவென்று இருந்தது. தூக்கினால் கனம். அண்ணனுக்கு வீடியோ காலில் காட்டினேன்.

"ஏட்டி, என்னது இது? தடியங்காய ரெண்டா பொளந்து கம்பு சொருவுன மாதிரி இருக்கு?"

"லூட்டுண்ணே. கிட்டாருக்கு முன்னாடி இதுதான்."

"சரி, ஒரு ஜி போடு பாப்போம்."

போட்டேன். வந்தது ஜி இல்லை, அதுபோக இரண்டு தந்தி கர்ர்ரென்று இரைந்தது. "சாமான திருப்பி அனுப்பு மக்கா" என்றான். நான் கேட்கவில்லை. மூன்று வாரம் தினமும் ஒரு மணி நேரம் முதல் மெட்டில் பார் பிடித்தேன். பதினொன்றில் ஆறு பேசும், ஐந்து ஊமை. இன்னும் அழுத்தினால் கட்டைவிரல் அடியில் வலி பிடித்துக்கொள்ளும். நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள், நாள் முழுக்க மாத்திரை டப்பா மூடி திறக்கிற கை. அந்தக் கைக்கே முடியவில்லை என்றால் என்னமோ தப்பு இருக்கிறது என்று அப்போதுதான் தோன்றியது.

டீச்சரை ஒரு பழைய இசைக் கச்சேரியில் பார்த்துப் பேசினேன். அறுபதைத் தாண்டியவர். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று சொன்னார். எனக்கு வாய் வரவில்லை, 'டீச்சர்' என்றே வந்துவிடுகிறது. அவரும் இப்போது அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

முதல் வகுப்பில் என் விரலை அவர் பார்க்கவே இல்லை. அதுதான் இந்த வகுப்புகளைப் பற்றி நான் சொல்கிற முதல் நல்ல வார்த்தை. லூட்டை வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கழுத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார், ஆசாரி பலகையின் வளைவு பார்க்கிற மாதிரி. பிறகு ஒரு சின்ன அளவுகோலை எடுத்து மெட்டுகளின் தடிமனை அளந்தார். எட்டும் ஒரே தடிமன் நைலான். "விரலுக்கு ஒன்றும் இல்லை. இந்த மெட்டில் எனக்கும் வராது" என்றார். பிடித்தும் காட்டினார். அவருக்கும் வரவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கிட்டாரில் மெட்டு உலோகம், பலகையில் பதித்திருக்கும். வீணையில் 24 மெட்டையும் மெழுகில் உட்கார வைப்பார்கள். லூட்டில் மெட்டு என்பது வெறும் நரம்புக் கயிறு. ஆட்டுக் குடலிலிருந்து முறுக்கிய நரம்பைக் கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டுக் கட்டுவது. விரலால் தள்ளினால் நகரும். கழுத்தில் கட்டுகிற மெட்டுகளில் தலைப்பக்கம் இருப்பது தடிமனாக, உடம்புப் பக்கம் போகப்போக மெலிந்துகொண்டே வர வேண்டும். அப்படி இருந்தால் முதல் மெட்டில் அழுத்தின தந்தி இரண்டாவது மெட்டில் இடிக்காது, தந்தியையும் பலகைக்குப் பக்கத்திலேயே தாழ்வாக வைத்துக்கொள்ளலாம். எல்லாம் ஒரே தடிமன் என்றால் இரைச்சல் வரும். இரைச்சலை மறைக்கத் தந்தியை உயரத் தூக்கிவைத்திருப்பார்கள். உயரத்தில் இருக்கிற தந்தியை அழுத்தத் தெம்பு வேண்டும். நான் மூன்று வாரம் போராடினது அந்த உயரத்தோடுதான்.

இத்தனைக்கும் லூட்டின் தந்தியில் இழுவிசை கம்மி. ஒரு தந்திக்குச் சுமார் 3 கிலோ. ஸ்டீல் தந்தி போட்ட கிட்டாரில் அதைப்போல மூன்று நாலு மடங்கு. சரியாக அமைந்த லூட்டில் பார் என்பது கிட்டாரைவிட லேசான வேலை. அதை வாடகை லூட்டில் முதல்முறை தொட்டபோதுதான் நம்பினேன். எடுத்தால் கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி, ஒரு கூடை அவலைத் தூக்குகிற கனம். விரலை வைத்தேன், ஏழெட்டுத் தந்தி உடனே பேசிவிட்டன.

இரண்டாம் வகுப்பு முழுக்க மெட்டு கட்டினோம். 50 நிமிடத்துக்கு 38 பவுண்டு கொடுத்துக் கயிறு கட்டக் கற்றுக்கொள்வதா என்று உள்ளுக்குள் ஒரு முணுமுணுப்பு இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் அந்த வகுப்புதான் இன்றுவரை உதவுகிறது. நரம்பை இரண்டு விரல்கடை மிச்சம் விட்டு வெட்ட வேண்டும். கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, கீழ் ஸ்தாயித் தந்தி இருக்கிற ஓரத்தில் முடிச்சு விழ வேண்டும், இல்லாவிட்டால் கட்டைவிரலுக்கு உறுத்தும். மெட்டு நிற்க வேண்டிய இடத்தில் கட்டக் கூடாது. அதற்கு மேலே, தலைப்பக்கம், கழுத்து ஒடுங்கியிருக்கிற இடத்தில் இறுக்கமாகக் கட்டிவிட்டுப் பிறகு கீழே தள்ளிக்கொண்டு வர வேண்டும். கழுத்து அகலமாகிக்கொண்டே போவதால் தள்ளத் தள்ளத் தானே இறுகும். கடைசியில் மிச்சமிருக்கிற நுனியை லைட்டரால் சுட்டால் அது சுருண்டு மிளகு மாதிரி உருண்டையாகி முடிச்சைப் பூட்டிவிடும். தலைமுடி கருகுகிற வாடை அடித்தது. டீச்சர் வீட்டுப் பூனை எழுந்து வெளியே போய்விட்டது. நான் கட்டிய முதல் இரண்டும் லொடலொட. மூன்றாவதைத் தள்ளும்போது 'கிரீச்' என்றது. "அந்தச் சத்தம் வந்தால் சரி" என்றார்.

மூன்றாம் வகுப்பில்தான் என் கைக்கு வந்தோம். அங்கேயும் அவர் பார்த்தது விரலை இல்லை, தொடையை. லூட்டின் முதுகு உருண்டை, வார்னிஷ் வழுவழுப்பு. மடியில் வைத்தால் வழுக்கும். வழுக்காமல் இருக்க நம்மை அறியாமலே இடது கை கழுத்தைத் தாங்கிப் பிடிக்கும். தாங்குகிற கையால் பார் போட முடியாது. அது ஒரே நேரத்தில் குடத்தையும் பிடித்துக்கொண்டு பூவும் கட்டுகிற மாதிரி. டீச்சர் ஒரு துண்டு மான்தோல் விரிப்பைத் தொடையில் போட்டார், கண்ணாடி துடைக்கிற வகை. லூட் அப்படியே ஒட்டிக்கொண்டது. "இப்போது இடது கையை எடுங்கள்" என்றார். எடுத்தேன். லூட் நின்றது. அதுவரை இத்தனை நாளும் அந்தக் கை ஒரு கூலிவேலையும் சேர்த்துப் பார்த்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. வீட்டில் மான்தோலுக்குப் பதிலாக அலமாரித் தட்டில் விரிக்கிற ரப்பர் வலையை வெட்டிப் போட்டிருக்கிறேன். இரண்டு பவுண்டுக்குள் முடிந்தது. இந்த விமர்சனத்தில் காசு மிச்சமாகிற ஒரே வரி இதுதான்.

பிறகு கட்டைவிரல். கிட்டாரில் நான் பின்பக்கமிருந்து கட்டைவிரலால் இடுக்கிபோல நசுக்குவேன். இங்கே அவர் கட்டைவிரலையே எடுத்துவிடச் சொன்னார். கட்டைவிரல் கழுத்தைத் தொடாமல், முழங்கையின் கனத்தை மட்டும் கீழே தொங்கவிட்டு, ஆள்காட்டி விரலால் தந்தியைப் பின்னோக்கி இழுக்கிற மாதிரி. நடக்காது என்று நினைத்தேன். நடந்தது. சத்தம் கொஞ்சம் மங்கல், ஆனாலும் கார்டு கார்டுதான். அந்த நிலையிலிருந்து கட்டைவிரலைச் சும்மா பின்னால் தொட்டுவைத்தால் போதும். விரலின் பஞ்சுப் பக்கத்தை வைக்காமல், கட்டைவிரலைப் பார்த்த ஓரத்தை, எலும்பு இருக்கிற பக்கத்தை வைக்க வேண்டும். இது கிட்டாரிலும் உண்டு. அண்ணன் சொன்னதுதான்.

ஆனால் ஜோடித் தந்தியில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அது கிட்டாரில் இல்லை. நான்காம், ஐந்தாம் வகுப்பு இரண்டும் அதிலேயே போனது. ஆள்காட்டி விரலை நீட்டிப் பாருங்கள், மூட்டு மடங்குகிற இடத்தில் கோடு விழுந்த பள்ளம் ஒன்று இருக்கும். அந்தப் பள்ளம் ஒரு தந்தியின் மேல் விழுந்தால் அது அழுந்தாது. கிட்டாரில் அப்படி விழுந்தால் ஒரு சுரம் செத்துவிடும், காதுக்கு உடனே தெரியும். லூட்டில் ஜோடியில் ஒன்று பேசும், இன்னொன்று 'டொக்'. சுரம் கேட்கும், ஆனால் பக்கத்தில் யாரோ கொட்டாவி விடுகிற மாதிரி ஒரு அழுக்குச் சத்தம் சேர்ந்து வரும். என்ன தப்பு என்றே பிடிபடாது. எனக்கு மூன்றாவது ஜோடியில் அது. டீச்சர் என் விரலின் பக்கவாட்டில் பால்பாயிண்ட் பேனாவால் இரண்டு பள்ளத்துக்கும் கோடு போட்டார். பிறகு விரலைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றச் சொன்னார். நுனி ஆறாவது ஜோடியைத் தாண்டி மூன்று மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நின்றபோது, பள்ளம் மூன்றாவது ஜோடிக்கும் நான்காவது ஜோடிக்கும் நடுவே இருக்கிற வெற்றிடத்தில் போய் விழுந்தது. கொட்டாவி நின்றது. மூன்று மில்லிமீட்டர். மறுநாள் மருந்துக்கடையில் அந்தப் பேனாக் கோட்டோடேதான் நின்றேன். ஒரு பாட்டி, "கையில் என்ன, ஆபரேஷனா?" என்று கேட்டார்.

கிட்டாரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. லூட்டின் ஸ்ருதி கிட்டாருக்குச் சொந்தக்காரர்தான், ஆனால் ஒரு தந்தி மாறியிருக்கும். ஜி லூட்டில் கீழிருந்து மேலே ஜி, சி, எஃப், ஏ, டி, ஜி. கிட்டாரின் மூன்றாவது தந்தியை அரை சுரம் இறக்கி, மூன்றாவது மெட்டில் கேப்போ (எல்லாத் தந்தியையும் ஒரே மெட்டில் அழுத்திப் பிடிக்கிற கிளிப்) போட்டால் அப்படியே இதுதான். அந்த ஒரு அரை சுரம் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடும். கிட்டாரின் ஈ மேஜர் வடிவம் இருக்கிறதே, 0 2 2 1 0 0 (கீழ்த் தந்தியிலிருந்து வரிசையாக எந்த மெட்டு என்ற எண், 0 என்றால் திறந்த தந்தி), அதை லூட்டில் வைத்தால் ஜி மைனர், சோகமாக ஒலிக்கிற வகை. கல்யாண வீட்டுக்குக் கிளம்பித் துஷ்டி வீட்டு வாசலில் போய் நின்ற கதை. மேஜர் வேண்டும் என்றால் 0 2 2 2 0 0. இதையே ஆள்காட்டி விரலோடு மூன்று மெட்டு தள்ளினால் 3 5 5 5 3 3, பி ஃப்ளாட் மேஜர். நான் முதலில் சுத்தமாகப் பிடித்த முழு பார் அதுதான், ஏழாவது வகுப்பில். அண்ணனுக்குப் போன் போட்டுக் காட்டினேன். "ரெண்டாவது விரலு எங்க போச்சு?" என்றான். சும்மா இருக்கிறது என்றேன். "அப்ப சம்பளத்தக் கொறச்சிரு."

முதல் மெட்டு பார் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த டீச்சரிடம் போனதால் மட்டுமே தெரிந்துகொண்ட விஷயம் அது. அந்தக் காலத்து இசைக்கு லூட்டைச் சேர்ப்பவர்கள் பலரும் கிட்டார் மாதிரி எல்லா அரை சுரத்தையும் சமமாக வைப்பதில்லை. மூன்றாம் சுரம் இனிமையாக ஒலிக்க, சில அரை சுரத்தை அகலமாகவும் சிலதைக் குறுகலாகவும் வைப்பார்கள். மெட்டு நகருகிற வாத்தியம் என்பதால் அது சாத்தியம். சிக்கல் முதல் மெட்டில்தான். ஜி மைனருக்கு மூன்றாவது ஜோடியில் பி ஃப்ளாட் வேண்டும், அது மெட்டு தள்ளி நின்றால்தான் சரியாக வரும். அதற்குப் பக்கத்திலேயே வருகிற டி மேஜருக்கு நான்காவது ஜோடியில் எஃப் ஷார்ப் வேண்டும், அதற்கு மெட்டு தலைப்பக்கம் ஒட்டி இருக்க வேண்டும். 60 செ.மீ. தந்தியில், டீச்சர் வைக்கிற ஸ்ருதிமுறைப்படி, இரண்டு இடத்துக்கும் சுமார் 6 மி.மீ. தூரம். ஒரே கயிறு இரண்டு இடத்திலும் நிற்காது. அதனால் எஃப் ஷார்ப்புக்கு மட்டும் ஒரு குட்டித் துண்டு மெட்டைத் தனியாகப் பலகையில் ஒட்டிக்கொள்கிறார்கள், தாஸ்தீனோ என்று பெயர்.

இப்போது அங்கே முழு பார் போட்டால் என்ன ஆகும்? விரல் எல்லா ஜோடியையும் ஒரே மெட்டில் அழுத்தும். ஏதாவது ஒன்று கட்டாயம் அபஸ்வரம். முதல் மூன்று வாரம் நான் வீட்டில் மல்லுக்கட்டினது சரியாக இந்த இடத்தில்தான். மெட்டு சரியாக இருந்திருந்தாலும், விரல் இரும்பாக இருந்திருந்தாலும், அது இனித்திருக்காது. "முதல் மெட்டில் ஆறு ஜோடி பார் உங்களுக்கு எந்தப் பாட்டில் வந்தது?" என்று டீச்சர் கேட்டார். எந்தப் பாட்டிலும் இல்லை. கிட்டாரில் எஃப் கார்டு கஷ்டம், அதனால் இங்கேயும் அதைத்தான் முதலில் ஜெயிக்க வேண்டும் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். சர்ச்சில் பாட்டுக்கு நடுவே எஃப் வந்தால் போட்டுத்தான் ஆக வேண்டும். இங்கே அப்படி இல்லை.

இங்கே பார் எதற்கு என்பதே வேறு. சர்ச்சில் பார் பிடித்தால் ஆறு தந்தியையும் ஒரே வீச்சில் அடிப்பேன். ஜான் டௌலண்ட் மாதிரி 1600 வாக்கில் எழுதினவர்களின் லூட் இசையில் அப்படி மொத்தமாக அடிப்பது அபூர்வம். கீழே ஒரு சுரம் ஒலித்துக்கொண்டே இருக்கும், மேலே இரண்டு குரல் தனித்தனியாக நடந்து போகும். கீழ்ச் சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு மற்ற மூன்று விரலையும் நடமாட விடத்தான் ஆள்காட்டி விரல் படுக்கிறது. பெரும்பாலும் அரை பார் போதும், மூன்று நான்கு ஜோடி. சில இடத்தில் விரலின் அடிப்பக்கம் மட்டும் படுத்து நுனி தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். பவான் என்கிற பழைய நடன இசை ஒன்றில் இரண்டு தாளச் சுற்று நீளத்துக்கு அப்படிப் பிடிக்க எட்டாவது, ஒன்பதாவது வகுப்பு இரண்டையும் செலவழித்தோம். அதில் ஒருமுறை, ஒரே ஒருமுறை, கீழே சுரம் அறாமல் நிற்க, மேல்குரல் இறங்கி வந்து அதோடு உரசி, பிறகு விலகியது. டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு "ம்" என்றார். நான் திரும்ப வாசித்தேன், வரவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. அறையில் ஹீட்டர் போட மாட்டார். நரம்புக்கு வறண்ட சூடு ஆகாதாம். பிப்ரவரியில் விரல் விறைத்துப்போய் முதல் பத்து நிமிடம் கையைத் தேய்ப்பதிலேயே போகும். அந்தப் பத்து நிமிடத்துக்கும் சேர்த்துத்தான் 38 பவுண்டு. வகுப்பை ரெக்கார்ட் செய்ய விடுவதில்லை. இருமுறை முதல்நாள் ராத்திரி வகுப்பை ரத்து செய்தார், ரயில் டிக்கெட் காசு போனது போனதுதான். கார்டு வாங்க மாட்டார், பணமாகத்தான் கொடுக்க வேண்டும். பாடத்துக்குத் தருவது பழைய கையெழுத்துப் பிரதியின் நகல், அதுவும் நகலின் நகல். பிரெஞ்சு முறையில் மெட்டுக்கு எழுத்துதான் குறி: 'ஏ' என்றால் திறந்த தந்தி, 'பி' முதல் மெட்டு, 'சி' இரண்டாவது. அந்தக் கால 'சி' பார்க்க 'ஆர்' மாதிரியே இருக்கும். மூன்று வாரம் 'ஆர்' எந்த மெட்டு என்று தேடியிருக்கிறேன். சுத்தமாக அச்சடித்தது ஒன்று கேட்டேன். "பழகிவிடும்" என்றார். பழகித்தான் விட்டது, ஆனாலும் அது பதில் இல்லை.

வலது கைக்கு ஒன்றும் விசேஷமாகச் சொல்லித்தரவில்லை. நகத்தை வெட்டச் சொன்னார், சுண்டுவிரலைப் பலகையில் ஊன்றச் சொன்னார், அவ்வளவு. வலது கைக்காகப் போகிறவர்கள் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

ஸ்ருதி சேர்ப்பது பற்றிப் புலம்பக் கூடாது என்று இருந்தேன். முடியவில்லை. 15 தந்தி, எல்லாம் மரப் பிருடை, அதாவது தந்தியை முறுக்குகிற முளை. ஜெர்மனியில் யோஹான் மத்தேசன் என்பவர் 1713-லேயே கிண்டல் செய்திருக்கிறார்: எண்பது வயது லூட்காரர் அதில் அறுபது வருஷத்தை ஸ்ருதி சேர்ப்பதிலேயே கழித்திருப்பார் என்று. என் மலிவு லூட்டில் பிருடை வழுக்கும், சேர்த்துவிட்டுக் கையை எடுத்தால் 'விர்ர்' என்று அவிழ்ந்துகொள்ளும். டீச்சர் சாக்பீஸும் சோப்பும் கலந்து தடவச் சொன்னார். சோப்பு கூடினால் வழுக்கும், சாக்பீஸ் கூடினால் பிடித்துக்கொண்டு நகராது. வாடகை லூட்டில் இந்தத் தொல்லை இல்லை. பார் ஒத்திகைக்கு இதுவும் முக்கியம்: ஜோடியின் இரண்டு தந்தியும் ஒன்றோடொன்று சேராமல் இருந்தால் பார் தப்பா, ஸ்ருதி தப்பா என்றே கண்டுபிடிக்க முடியாது. முதலில் திறந்த தந்தியைக் கேட்டுவிட்டுத்தான் விரலைப் பழிக்க வேண்டும்.

யாருக்கு இந்த வகுப்பு? ஏற்கெனவே கிட்டாரோ வீணையோ தொட்டவர்களுக்கு, பொறுமை உள்ளவர்களுக்கு. சின்னப் பிள்ளைகளுக்கு இவரிடம் சரிப்படாது, பேச்சு கம்மி. லூட் வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் கிட்டாரில் அந்த மூன்றாவது தந்தியை இறக்கி, கேப்போ போட்டு ஒரு மாதம் வாசித்துப் பாருங்கள், காசு செலவில்லை. பிறகு வாடகைக்கு எடுங்கள். இங்கிலாந்தில் 1956-லிருந்து லூட் சொசைட்டி என்று ஒன்று இருக்கிறது, உறுப்பினர்களுக்கு லூட் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். எனக்கு அது தெரிந்ததே டீச்சர் சொல்லித்தான். என்னை மாதிரி முதலிலேயே வார்னிஷ் பளபளப்பைப் பார்த்து 460 பவுண்டைக் கொட்ட வேண்டாம்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது ஹீட்டருக்காகவும் அந்த 'ஆர்'-க்காகவும்.

அடுத்த பத்து வகுப்புக்கும் பணம் கட்டிவிட்டேன். வாடகை லூட்டை இன்னும் ஆறு மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். மலிவு லூட்டின் எட்டு மெட்டையும் அவிழ்த்துவிட்டு, தடிமன் பார்த்து நரம்பு வாங்கி நானே புதிதாகக் கட்டினேன்; எட்டில் ஆறு கிரீச்சிட்டது. தந்தியையும் தாழ்த்தியாயிற்று. இப்போது மூன்றாவது மெட்டில் பார் பிடித்தால் பதினொன்றில் ஒன்பது பேசுகிறது. விற்கப் போட்டிருக்கிறேன், 200 பவுண்டு. விவரத்தில் உண்மையைத்தான் எழுதினேன்: கனம் ஜாஸ்தி, பிருடை வழுக்கும், சாக்பீஸ் இலவசம்.